எல்லை தாண்டியவர் யார்? ஆங் சான் சூச்சியின் காவலும் உலகத்தின் குரலும்

2021 பிப்ரவரி முதல் வாரத்தில், இராமேசுவரம் தீவில் நான் வரலாறு கற்பித்துவந்த பள்ளியின் பத்தாம் வகுப்பில், அன்றைய நாளிதழை மேசைமீது விரித்து வைத்துக்கொண்டு, மியான்மரில் இராணுவம் ஆட்சியைப் பறித்துக்கொண்டதையும் ஆங் சான் சூச்சி கைது செய்யப்பட்டதையும் விளக்கிக்கொண்டிருந்தேன். முகக்கவசம் அணிந்து தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் ஒருத்தி எழுந்து, "அவங்க எல்லை தாண்டிட்டாங்களா சார்?" என்று கேட்டாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அவளுடைய தந்தை யாழ்ப்பாணச் சிறையில் ஒரு மாதம் இருந்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். ஜனவரி 18 அன்று இலங்கைக் கடற்படைக் கப்பலோடு மோதிப் படகு மூழ்கியதில் நான்கு பேர் இறந்துபோன துக்கம் இன்னும் ஆறாத நாட்கள் அவை. கைது என்ற சொல்லைக் கேட்டதும் இந்தக் கரையில் வளரும் ஒரு பிள்ளைக்கு முதலில் தோன்றும் காரணம் எல்லை தாண்டுதல்தான்.

"இல்லையம்மா, அவர் தேர்தலில் வென்றார், அதனால் பிடித்துவிட்டார்கள்" என்று அன்று பதில் சொன்னேன். அந்தப் பதிலில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சிறுமியின் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருந்ததை நான் பிறகுதான் உணர்ந்தேன். அடைபட்ட ஒருவருக்காக நாம் குரல் கொடுப்பது அவர் எந்தத் தவறும் செய்யாதவர் என்பதற்காகவா? தவறு செய்தவர் என்று தெரியவந்தால் அந்தக் குரலை நிறுத்திக்கொள்ளலாமா? உலக நாடுகளும் பேரமைப்புகளும் இந்தக் கேள்வியில் தடுமாறின என்பதும், இத்தீவின் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் வாழ்பவர்கள் அதற்கான விடையைத் தங்கள் அன்றாடப் பாட்டிலிருந்தே அறிந்து வைத்திருக்கிறார்கள் என்பதும் இந்த ஆய்வில் நான் முன்வைக்கும் கருத்துகள்.

ரங்கூனும் தொண்டியும்

பர்மா, அதாவது இன்றைய மியான்மர், இந்தக் கரைக்கு அயல்நாடாக ஆனது மிக அண்மையில்தான். 1937 வரை அது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது. பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து நகரத்தார் வட்டித்தொழிலுக்கும், கடலோர முஸ்லிம்கள் வணிகத்துக்கும், வானம் பார்த்த பூமியிலிருந்து உழைப்பாளிகள் கூலி வேலைக்கும் ரங்கூனுக்குக் கப்பல் ஏறினார்கள். 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர் கால்நடையாகவும் கடல்வழியாகவும் வெளியேறினர். எஞ்சியவர்களை 1962 மார்ச் 2 அன்று ஆட்சியைப் பிடித்த ஜெனரல் நே வின்னின் அரசு அடுத்த சில ஆண்டுகளில் பெயர்த்தெறிந்தது. கடைகள் அரசுடைமையாகி "மக்கள் கடை" என்ற பெயர்ப்பலகையைப் பெற்றன. 1964 மே மாதத்தில் 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என அறிவிக்கப்பட்டன. வந்து இறங்கியவர்களை அரசுக் கோப்புகள் "தாயகம் திரும்பியோர்" என்று குறித்துக்கொண்டன. அவர்களில் பலருக்குப் பிறந்த தாயகம் எது என்று கேட்டால் பர்மா என்றுதான் பதில் வரும்.

தொண்டியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், அப்படித் திரும்பி வந்த மூதாட்டி ஒருவர் சிவப்பும் கறுப்புமாக அரக்குப் பூசிய வட்டமான மூங்கில் டப்பா ஒன்றை வைத்திருக்கிறார். வெற்றிலை வைக்கப் பர்மியர் பயன்படுத்தும் டப்பா அது. மூடியைத் திறந்தால் பழைய புகையிலை வாசம் இன்றும் வரும். உள்ளே ஒரு ஜோடி பித்தளைப் பொத்தான், கணவரின் கடைக்குரிய ரசீதுத் தாள், நான்காக மடித்து மடித்து மடிப்பு நைந்துபோன 100 கியாட் நோட்டு ஒன்று. செல்லாது என்று அறிவித்த நோட்டை ஏன் கொடுத்து மாற்றவில்லை என்று கேட்டேன். "வரிசையில நின்னு குடுத்தா, எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க தம்பி. ஒண்ணாவது இருக்கட்டும்னு வச்சுக்கிட்டேன்" என்றார். நோட்டில் இராணுவத் தொப்பியோடு ஓர் இளைஞரின் படம் இருக்கிறது. அவர்தான் ஜெனரல் ஆங் சான், பர்மிய விடுதலையின் தந்தை, 1947 ஜூலை 19 அன்று அமைச்சரவைக் கூட்டத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டவர். அந்த மூதாட்டிக்குச் சூச்சி என்ற பெயர் நாவில் நிற்பதில்லை. "ஆங் சான் மக" என்றுதான் சொல்வார். "அப்பனச் சுட்டாங்க, மகள அடைச்சிட்டாங்க" என்று 2021இல் அவர் சொன்னபோது, அந்த நாட்டின் எழுபத்தைந்து ஆண்டு வரலாறு இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

காவலின் வரலாறு

1945 ஜூன் 19 அன்று ரங்கூனில் பிறந்த சூச்சிக்குத் தந்தை இறந்தபோது வயது இரண்டு. தாய் கின் சி 1960இல் இந்தியாவுக்கான பர்மியத் தூதராக நியமிக்கப்பட்டதால் மகள் தில்லியில் வளர்ந்து, லேடி ஸ்ரீராம் கல்லூரியில் 1964இல் அரசியல் படிப்பை முடித்தார். பின்னர் ஆக்ஸ்போர்டில் படிப்பு, நியூயார்க்கில் ஐ.நா. அலுவலகப் பணி, 1972இல் திபெத்திய ஆய்வாளர் மைக்கேல் ஏரிஸுடன் திருமணம், இரண்டு மகன்கள். 1988இல் நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ள ரங்கூன் வந்தவர், அந்த ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று வெடித்த மக்கள் எழுச்சிக்குள் இழுக்கப்பட்டார். ஆகஸ்ட் 26 அன்று ஷ்வேடகோன் புத்தர் கோயில் அருகே பெருங்கூட்டத்தின் முன் பேசினார். செப்டம்பரில் தேசிய ஜனநாயக லீக் தொடங்கப்பட்டது. 1989 ஜூலை 20 அன்று ஏரிக்கரையிலிருந்த அவருடைய வீட்டின் வாசலை இராணுவம் அடைத்தது.

1990 மே 27 அன்று நடந்த தேர்தலில் 485 இடங்களில் 392ஐ அவருடைய கட்சி வென்றது. இராணுவம் அதிகாரத்தை ஒப்படைக்கவில்லை. 1995 ஜூலையில் விடுவிக்கப்பட்டு, 2000 செப்டம்பரில் மீண்டும் அடைக்கப்பட்டு, 2002 மே மாதம் விடுவிக்கப்பட்டு, 2003 மே 30 அன்று தெப்பாயின் என்ற இடத்தில் அவருடைய வாகன அணி தாக்கப்பட்டதை அடுத்து மறுபடியும் அடைக்கப்பட்டு, 2010 நவம்பர் 13 வரை என்று கணக்கிட்டால், 21 ஆண்டுகளில் 15 ஆண்டுகள் காவலில் கழிந்தன. இந்தக் காவலின் பெரும்பகுதிக்கு நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் கிடையாது. 1975ஆம் ஆண்டின் அரசுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நிர்வாக ஆணையாலேயே அடைத்து வைத்தார்கள். அந்தச் சட்டம் அனுமதித்த கால வரம்பையும் மீறிவிட்டீர்கள், உங்கள் சட்டத்தையே நீங்கள் உடைத்துவிட்டீர்கள் என்று, தன்னிச்சையான தடுப்புக்காவல் குறித்த ஐ.நா. பணிக்குழு 2009இல் அந்த அரசிடம் எடுத்துச் சொன்னது. என் பார்வையில், இருபது ஆண்டுகளில் சூச்சிக்காக எழுதப்பட்ட அத்தனை அறிக்கைகளிலும் உறுதியான வாதம் இதுதான். அவர் எத்தனை மேன்மையானவர் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை.

உலகம் கொடுத்த குரல்

1990இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் சகாரோவ் விருது, 1991இல் நோபல் அமைதி விருது. ஆஸ்லோ மேடையில் தாய்க்குப் பதிலாக மகன்கள் இருவரும் நின்று அதைப் பெற்றார்கள். 1993இல் நோபல் விருது பெற்ற பலர் ஒன்றுகூடிப் பர்மா செல்ல முயன்று, அனுமதி மறுக்கப்பட்டுத் தாய்லாந்து வரை சென்று திரும்பினர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் பர்மாவோடு தொழில் செய்யும் நிறுவனங்களிடம் பொருள் வாங்கத் தடைபோட்டு 1996இல் சட்டமே இயற்றியது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2000இல் அதைச் செல்லாததாக்கியது. மாணவர்களின் தொடர் எதிர்ப்பால் பெப்சி நிறுவனம் பர்மாவிலிருந்து விலகியது. தில்லியில் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தம்முடைய வீட்டு வளாகத்தையே பர்மிய மாணவர்களுக்குப் புகலிடமாகத் திறந்துவிட்டார். பல நாடுகளின் நகரமன்றங்கள் சூச்சியைத் தங்கள் நகரின் கௌரவக் குடிமகளாக்கிக்கொண்டன.

இவை எவற்றையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அடைபட்டவரை உலகம் மறந்துவிட்டது என்று அவரையும் அவருடைய மக்களையும் நம்பவைக்க முடியுமானால், காவலருடைய வேலை பாதி முடிந்துவிடும். அந்த வேலையைச் செய்யவிடாமல் தடுத்தது இந்தக் குரல்கள்தான். ஆனால் ஒரு கதவையாவது அவை திறந்தனவா என்று பார்க்கும்போது விடை வேறாக இருக்கிறது. 2002ஆம் ஆண்டு விடுதலை, மலேசியாவைச் சேர்ந்த ஐ.நா. தூதர் ரசாலி இஸ்மாயில் சத்தமில்லாமல் பலமுறை ரங்கூனுக்குப் போய் வந்து பேசியதன் பின் நிகழ்ந்தது. 2010ஆம் ஆண்டு விடுதலை, தளபதிகள் தங்களுக்குச் சாதகமாக எழுதிக்கொண்ட 2008ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி தேர்தலை முடித்துக்கொண்ட ஆறாம் நாளில் நிகழ்ந்தது. 2003ஆம் ஆண்டின் அமெரிக்க இறக்குமதித் தடை தளபதிகளை அசைத்ததைவிடப் பல்லாயிரம் தையல் தொழிலாளிப் பெண்களின் வேலையைப் பறித்தது. இதை எழுத மனம் கசக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

இந்தக் குரல்களின் இன்னொரு பக்கத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. மைக்கேல் ஏரிஸுக்குப் புற்றுநோய் முற்றியபோது, மனைவியைக் கடைசியாகப் பார்க்க வர அவர் விசா கேட்டார். பல நாட்டுத் தலைவர்கள் அவருக்காகப் பரிந்து பேசினார்கள். விசா கிடைக்கவில்லை. நீங்கள் வேண்டுமானால் போய்ப் பார்த்து வாருங்கள் என்று இராணுவ அரசு சூச்சியிடம் சொன்னது. போனால் திரும்ப விடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். 1999 மார்ச் 27 அன்று, தம்முடைய 53ஆவது பிறந்தநாளில், ஏரிஸ் இறந்தார். உலகத்தின் அத்தனை விருதுகளும் சேர்ந்து ஒரு விசாவைப் பெற்றுத்தர முடியவில்லை என்பதை நினைக்கும்போது, குரலின் உயரமும் அதன் பலமும் வேறு வேறு என்பது விளங்குகிறது.

பக்கத்து வீட்டின் மௌனம்

பலம் யாரிடம் இருந்தது? எல்லையைப் பகிர்ந்துகொண்ட நாடுகளிடமும், சரக்கு வாங்கி விற்ற நாடுகளிடமும் இருந்தது. இந்தியாவுக்கும் மியான்மருக்கும் இடையிலான நில எல்லை 1,643 கிலோமீட்டர். 1988இல் அகில இந்திய வானொலியின் பர்மிய மொழி ஒலிபரப்பு இராணுவத்தைக் கடுமையாகக் கண்டித்தது. ஐந்தே ஆண்டுகளில் தில்லியின் போக்கு மாறியது. வடகிழக்கில் ஆயுதக் குழுக்களை அடக்கத் தளபதிகளின் ஒத்துழைப்பு தேவைப்பட்டது, சீனாவின் செல்வாக்குப் பற்றிய கவலை வளர்ந்தது. 1993ஆம் ஆண்டுக்கான ஜவாஹர்லால் நேரு விருதைச் சூச்சிக்கு வழங்கிய அதே அரசு, அவரை அடைத்தவர்களோடு உறவை நெருக்கமாக்கிக்கொண்டது. 2012 நவம்பரில் தில்லி வந்து நேரு நினைவுச் சொற்பொழிவு ஆற்றியபோது, எங்களுடைய துன்பமான நாட்களில் இந்தியா எங்களை விட்டு விலகிப் போனது எனக்கு வருத்தம் தந்தது என்ற கருத்தை அவர் மறைக்காமல் சொன்னார்.

2021 பிப்ரவரி 1க்குப் பிறகும் இதுதான் நடந்தது. ஜூன் 18 அன்று ஐ.நா. பொதுச்சபையில் அரசியல் கைதிகளை விடுவிக்கக் கோரிய தீர்மானம் வந்தபோது 119 நாடுகள் ஆதரித்தன, பெலாரஸ் எதிர்த்தது, இந்தியா உள்பட 36 நாடுகள் வாக்களிக்காமல் விலகி நின்றன. 2022 டிசம்பர் 21 அன்று பாதுகாப்பு மன்றம் மியான்மர் குறித்த 2669ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, சூச்சியையும் அதிபர் வின் மியின்னையும் பெயர் சொல்லி விடுவிக்கக் கேட்டது. 12 நாடுகள் ஆதரித்தன. சீனா, ரஷ்யா, இந்தியா ஆகிய மூன்றும் விலகி நின்றன. அந்த மாதம் மன்றத்துக்குத் தலைமை வகித்த நாடு இந்தியா. பொறுமையாகப் பேசுவதே பயன் தரும் என்பது இந்தியா சொன்ன காரணம். அந்தக் காரணத்தை நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை, ரசாலியின் பணி அதற்குச் சான்றாக இருக்கிறது. ஆனால் பொறுமையான பேச்சு என்றால் அதில் விடுதலை என்ற சொல் இருக்க வேண்டும். 2021 ஏப்ரலில் ஜகார்த்தாவில் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகள் ஒப்புக்கொண்ட ஐந்து அம்சங்களில் அந்தச் சொல் இல்லாமல் போனது. 2022 ஜூலையில் நான்கு அரசியல் கைதிகள் தூக்கிலிடப்பட்டார்கள். அதற்கு முன்பு அந்த ஆண்டு ஆசியான் தலைவராக இருந்த கம்போடியப் பிரதமர் ஹுன் சென், அவர்களைத் தூக்கிலிட வேண்டாம் என்று நேரடியாகக் கேட்டிருந்தார். அவருடைய சொல்லுக்கும் தளபதிகள் செவிசாய்க்கவில்லை.

பக்கத்து வீட்டின் ஒரு சொல் எவ்வளவு செய்ய முடியும் என்பது இந்தக் கரைக்கு நன்றாகத் தெரியும். 2011 நவம்பரில் பிடிபட்ட இத்தீவின் மீனவர் ஐவருக்கு, போதைப்பொருள் கடத்தல் வழக்கில் கொழும்பு உயர் நீதிமன்றம் 2014 அக்டோபர் 30 அன்று தூக்குத் தண்டனை விதித்தது. அன்றிரவு தங்கச்சிமடம் எரிந்தது. இந்தியத் தூதரகம் மேல்முறையீட்டுக்கு ஏற்பாடு செய்தது, பிரதமர் நரேந்திர மோடி அதிபர் மகிந்த ராஜபக்சவோடு தொலைபேசியில் பேசினார், நவம்பர் மாதத்திலேயே ஐவரும் பொதுமன்னிப்புப் பெற்று விமானத்தில் வந்து இறங்கினார்கள். மூன்று ஆண்டுகளாகத் திறக்காத கதவு மூன்று வாரத்தில் திறந்தது. அதைக் கண்ணால் கண்ட மக்களிடம் போய், பக்கத்து நாடு தலையிட்டாலும் பயன் இராது என்று யாரும் சொல்ல முடியாது.

அவர் தாண்டிய எல்லை

இனிச் சொல்லப்போவது இந்த ஆய்வின் கடினமான பகுதி. 2015 நவம்பர் தேர்தலில் பெருவெற்றி பெற்று, 2016 ஏப்ரலில் அரசு ஆலோசகர் என்ற பதவியில் சூச்சி ஆட்சிப் பொறுப்பேற்றார். இராணுவம், எல்லை, உள்துறை ஆகிய மூன்று அமைச்சகங்களும் தளபதிகளிடமே இருந்தன என்பது உண்மை. 2017 ஆகஸ்ட் 25க்குப் பிறகு ராக்கைன் மாநிலத்தில் இராணுவம் நடத்திய தாக்குதல்களால் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம்கள் வங்கதேசத்துக்குத் தப்பி ஓடினர். அதைச் செய்தது அவர் அல்ல. ஆனால் அதைத் தடுக்க ஒரு சொல்லைக்கூட அவர் செலவிடவில்லை. 2019 டிசம்பரில், காம்பியா நாடு தொடுத்த இனப்படுகொலை வழக்கில், ஹேக் நகரின் பன்னாட்டு நீதிமன்றத்தில் தாமே நேரில் நின்று அந்த இராணுவத்துக்காக வாதாடினார். அங்கே அவர் ஓர் எல்லையைத் தாண்டினார் என்றே நான் கருதுகிறேன்.

தொண்டி வீட்டில் அந்த நாட்களில் நான் ஒரு மாற்றத்தைப் பார்த்தேன். மூதாட்டியின் பேரன் சவூதியில் வேலை பார்த்துவிட்டு விடுப்பில் வந்திருந்தவன். கைப்பேசியில் மியான்மர்-வங்கதேச எல்லையிலுள்ள நாஃப் ஆற்றைப் படகில் கடந்து வருபவர்களின் படங்களைப் பாட்டியிடம் காட்டி, "உங்க ஆங் சான் மக என்ன செய்யுதுன்னு பாருங்க" என்று கோபப்பட்டான். சேற்றுக்குள் முழங்கால் வரை புதைந்து, வயதான தாயைக் கூடையில் வைத்துத் தோளில் தூக்கிவரும் ஒருவனுடைய படம் அது. மூதாட்டி வெகுநேரம் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. 1964இல் அவருக்கும் ஒரு கப்பல் இருந்தது, ஒரு கரை இருந்தது. இவர்களுக்கு எது இருக்கிறது என்று அவர் நினைத்திருக்கலாம். அந்தக் கோபம் நியாயமானது. இந்தக் கரையில் அதே கோபத்தோடு பலர் பேசியதை நான் கேட்டிருக்கிறேன், எனக்கும் அந்தக் கோபம் உண்டு.

உலகம் தன் கோபத்தை வேறு வகையில் காட்டியது. ஆக்ஸ்போர்டு நகரமன்றம் 2017இல் தான் கொடுத்த கௌரவத்தைத் திரும்பப் பெற்றது. 2018இல் அமெரிக்காவின் யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகமும், ஆம்னஸ்டி இன்டர்நேஷனலும் தங்கள் விருதுகளைத் திரும்பப் பெற்றன. கனடா கௌரவக் குடியுரிமையை ரத்து செய்தது. கொடுத்தவர்களுக்குத் திரும்பப் பெறும் உரிமை உண்டு, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த விருதுகளின் மீதே கட்டப்பட்டிருந்த ஆதரவுக் கட்டடமும் அவற்றோடு சேர்ந்து சரிந்துபோனது. 2021இல் மீண்டும் சிறைக்கதவு சாத்தப்பட்டபோது, 1989க்குப் பிறகு எழுந்த குரலின் வேகம் எழவில்லை. இவ்வம்மையாருக்கா குரல் கொடுப்பது என்ற தயக்கம் எழுதப்படாமலே பல இடங்களில் இருந்தது.

அந்தத் தயக்கத்தின் விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை. மியான்மரின் அரசியல் கைதிகளுக்கான உதவிச் சங்கம், சிறை மீண்டவர்கள் சேர்ந்து 2000இல் தாய்லாந்து எல்லையில் தொடங்கிய அமைப்பு. ஒவ்வொரு கைதியின் பெயர், வயது, ஊர், பிடிபட்ட நாள் என்று அது பட்டியல் வைத்திருக்கிறது. 2024இல் அந்தப் பட்டியலில் காவலில் இருந்தவர்கள் 20,000க்கும் மேல். மாணவர்கள், செவிலியர்கள், ஆசிரியர்கள், கவிஞர்கள். அவர்களில் எவரும் ஹேக் நகருக்குப் போனவர்கள் அல்லர். ஒருவருடைய திருவுருவத்தை நம்பி எழுந்த ஆதரவு, அந்த உருவத்தில் விரிசல் விழுந்ததும் இந்த இருபதாயிரம் பேரையும் பாதித்தெருவில் விட்டது.

இன்னொரு செய்தி என்னைத் தூங்கவிடாமல் செய்ததுண்டு. ராக்கைனில் பத்துப் பேர் கொல்லப்பட்டதை வெளிக்கொண்டுவர உழைத்த ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் வா லோன், கியாவ் சோ ஊ இருவரையும் 2017 டிசம்பரில் பிடித்து, அரசு இரகசியச் சட்டத்தின்கீழ் ஏழாண்டுச் சிறை விதித்தார்கள். சட்டப்படிதான் நடந்தது என்று சூச்சி அதை நியாயப்படுத்தினார். 2022 செப்டம்பரில் அதே அரசு இரகசியச் சட்டத்தின்கீழ் அவருக்கே மூன்றாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. அது 1923ஆம் ஆண்டுச் சட்டம். பர்மா பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்ந்திருந்த காலத்தில் இயற்றப்பட்டது, நம் நாட்டிலும் இன்றுவரை நடைமுறையில் இருக்கிறது. ஒருவருக்கு அநீதியான சட்டம் எல்லோருக்கும் அநீதியானதுதான் என்று 2018இல் அவர் சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்லவில்லை என்பதற்காக 2022இல் நாமும் சொல்லாமல் இருப்பது சரியாகாது.

அவரைச் சிறையிலடைத்த வழக்குகளில் ராக்கைன் கொடுமை ஒன்றுகூட இல்லை. அனுமதியின்றி வாக்கி டாக்கி வைத்திருந்தார், கொரோனா விதிகளை மீறினார், தேர்தலில் முறைகேடு செய்தார், ஊழல் செய்தார் என்ற குற்றச்சாட்டுகளை மூடிய அறைக்குள் விசாரித்து, வழக்கறிஞர்கள் வெளியே பேசவும் தடைபோட்டு, மொத்தம் 33 ஆண்டுகள் தண்டனை விதித்தார்கள். 2023 ஆகஸ்டில் அதை 27ஆகக் குறைத்தார்கள். ரோஹிங்கியாக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்குப் பொறுப்பேற்க வேண்டிய தளபதி மின் ஆங் லைங், சூச்சிக்குத் தண்டனை வாங்கித் தந்தவராக இருந்தார். சூச்சி தாண்டிய எல்லைக்கு அவரைச் சிறையில் வைக்கவில்லை. அவர் தாண்டாத எல்லைக்குத்தான் வைத்தார்கள்.

கரையின் வழக்கம்

பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ படகு பிடிபட்டால் செய்தி விடியற்காலையில் வந்துவிடும். கைப்பேசியில் பெயர்ப் பட்டியல் சுற்றும். படகு உரிமையாளரான சம்மாட்டியின் வீட்டு வாசலில் பெண்கள் கூடுவார்கள். சென்ற ஆண்டு ஒரு வீட்டில் நான் உடனிருந்து பார்த்தேன். குடும்ப அட்டை, ஆதார் நகல், கடலுக்குப் போன அன்று வாங்கிய அனுமதிச் சீட்டின் எண் எழுதிய துண்டுத் தாள் மூன்றையும் மஞ்சள் பையில் போட்டுச் சுருட்டி, அந்த அக்கா கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். கையில் இருந்த ஈரம் பட்டு எண் அழிந்துவிடுமோ என்று, தாளை எடுத்து எடுத்துப் பார்த்து மறுபடி பைக்குள் வைத்தார். "எல்லை தாண்டிட்டாங்களா?" என்று அங்கே ஒருவர்கூடக் கேட்கவில்லை. தாண்டியிருப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இந்தியாவும் இலங்கையும் 1974, 1976இல் செய்த ஒப்பந்தங்கள் வரைந்த கடல் எல்லைக் கோடு இராமேசுவரத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. விசைப்படகின் இழுவலையால் வடக்கு இலங்கைத் தமிழ் மீனவரின் வலை அறுபடுகிறது, அவர்களுடைய வயிற்றில் அடிபடுகிறது என்பதும் இங்கே தெரிந்ததே. அதைப் பேச வேண்டிய இடத்தில் பேசுகிறார்கள், பேச மறுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஆள் உள்ளே இருக்கும்போது முதலில் ஆள் வரட்டும் என்பதே கரையின் வழக்கம்.

2024இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில், படகோட்டிகளுக்கு ஆறு மாதமும், முன்பே ஒருமுறை பிடிபட்டவருக்கு ஓராண்டும் ஊர்காவற்றுறை நீதிமன்றம் சிறை விதித்தது. இரண்டாம் முறை பிடிபட்டவர் என்றால் குற்றம் ஐயமின்றி நிலைநாட்டப்பட்டவர் என்று பொருள். அவர்களுக்காகத்தான் இராமேசுவரம் மீனவர்கள் கடலுக்குப் போகாமல் இருந்தார்கள், அவர்களுக்காகத்தான் ஆண்டுதோறும் தவறாமல் போகும் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கும் போகாமல் நின்றார்கள். திருவிழாவை விடுவது கரையில் எளிதான காரியம் அல்ல. நேர்த்திக்கடன் வைத்தவர்கள் உண்டு, அக்கரைச் சொந்தங்களை ஆண்டுக்கு ஒருமுறை அங்கேதான் பார்ப்பவர்கள் உண்டு. குற்றமற்றவருக்காக மட்டும்தான் இத்தனையும் என்று எண்ணியிருந்தால் அன்று ஒரு படகாவது கிளம்பியிருக்கும்.

பத்தாம் வகுப்புச் சிறுமிக்கு இன்று பதில் சொல்வதானால் நான் இப்படித்தான் சொல்வேன். ஆமாம் அம்மா, அவரும் ஓர் எல்லையைத் தாண்டினார். அதற்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும், சுடப்பட்டவர்களின் உறவினர்கள் முன்னால், திறந்த நீதிமன்றத்தில், தமக்கு ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொண்டு. அதற்கும் அவர் வெளியே வந்தாக வேண்டும்.

2025 மார்ச் 28 அன்று மாண்டலே, சகாயிங் பகுதிகளை உலுக்கிய நிலநடுக்கத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சூச்சி சிறைவைக்கப்பட்ட தலைநகர் நேபிடாவிலும் கட்டடங்கள் இடிந்தன. மூன்று மாதம் கழித்து ஜூன் 19 அன்று அவருக்கு 80 வயது நிறைந்தபோதும் அவர் காவலில்தான் இருந்தார். நிலநடுக்கத்துக்கு மறுநாள் நான் தொண்டிக்குப் போயிருந்தேன். மூதாட்டி படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்திருந்தார். அரக்கு டப்பா தலைமாட்டில் இருந்தது. பேரனைப் பார்த்து, "அந்தப் பொண்ண அடைச்சு வச்ச எடம் இடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு நாஃப் ஆற்றுப் படத்தைக் காட்டிக் கோபப்பட்ட அதே பேரன், ஒன்றும் பேசாமல் கைப்பேசியை எடுத்து, ஒவ்வொரு செய்தியாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒண்ணும் போடல. ஆனா இன்னும் உள்ளதான் இருக்கு" என்றான் கடைசியில். "எத்தன வருசமா?" என்று மூதாட்டி கேட்டார். அவன் விரல் விட்டு எண்ணத் தொடங்கினான்.